முன்பணம் வாங்கிய பின் பேச்சு மாறினால்...

மேல்மலையனூர், வளத்தி, அவலூர்ப்பேட்டை வட்டாரங்களில் மணிலா சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்குப் பணமுடை வருவது அறுவடையின்போது அல்ல. அதற்கு வெகு முன்னால்தான். களை எடுத்து, மண் அணைத்து, ஜிப்சம் போட வேண்டிய நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் கையில் காசு இருக்காது. அந்தச் சமயம் பார்த்து வியாபாரி வருகிறார். மூட்டைக்கு இன்ன விலை, பிடுங்கிக் காய வைத்ததும் சரக்கு தமக்கே என்று பேசி முடித்து, முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். சில இடங்களில் ஒரு துண்டுச் சீட்டு எழுதப்படும். பல இடங்களில் அதுவும் கிடையாது.

பேரம் முடிந்ததற்கும் மல்லாட்டை பிடுங்குவதற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விலை ஏறிவிட்டால், வேறு இடத்தில் போடலாமா என்று விவசாயிக்குத் தோன்றுகிறது. விலை இறங்கிவிட்டால் வியாபாரி இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. காட்டினாலும் பருப்பு சிறுத்துப் போயிற்று, ஈரம் அதிகம் என்று சாக்குச் சொல்கிறார். இரண்டும் ஒரே காரியம்தான். சட்டம் இதை ஒப்பந்த மீறல் என்கிறது.

மீறினால் என்ன ஆகும் என்பதில்தான் கிராமங்களில் பயமும் குழப்பமும் அதிகம். முன்பணத்தை இரட்டிப்பாகத் தர வேண்டும், போலீசில் எழுதிக் கொடுத்தால் பிடித்துப் போய்விடுவார்கள், நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் என்றெல்லாம் சொல்லி மிரட்டுவோர் உண்டு. மறுபுறம், சீட்டு எழுதவில்லை, ஆகவே ஒன்றும் செய்ய முடியாது என்று அலட்சியமாக இருப்போரும் உண்டு. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தச் சட்டத்தின்படி இரண்டு தரப்பார் சொல்வதும் சரியல்ல.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே

விலை பேசி, இரு தரப்பும் மனமொப்பி, ஒருவர் கொடுப்பதற்கு மற்றவர் கொடுப்பது ஈடாக இருந்தால் அது ஒப்பந்தம். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும் விளைபொருள் விற்பனைப் பேச்சு செல்லும். காகிதம் இருந்தால் நிரூபிப்பது சுலபம், அவ்வளவே. காகிதம் இல்லாதபோது முன்பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பதிவு, கைப்பேசியில் வந்த செய்தி, பேச்சின்போது உடனிருந்தவர்களின் சாட்சியம் இவை நிற்கும். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதம் செல்லாது. ஒருவரது இக்கட்டையும் தம் கை ஓங்கியிருப்பதையும் பயன்படுத்தி அநியாயமான நிபந்தனையைச் சுமத்தினாலும் அதை ரத்து செய்யக் கோரலாம்.

சரக்கு கொடுக்க மறுப்பது மட்டும் மீறல் ஆகாது. குறைவாகக் கொடுப்பதும், பேசிய தரத்தில் கொடுக்காததும், தவணை கடத்துவதும் மீறலே. தவணை விஷயத்தில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. விதை மணிலா போல, நாள் தப்பினால் உபயோகமில்லை என்ற சரக்கு என்றால், தவணை தப்பியதும் மற்றவர் ஒப்பந்தத்தை உதறிவிடலாம். அப்படியில்லாத சரக்கில் தாமதத்தால் உண்டான நட்டத்தை மட்டுமே கேட்கலாம். 'பரவாயில்லை, அடுத்த வாரம் கொடு' என்று மற்றவர் சொல்லிவிட்டால் தவணை நீண்டுவிடுகிறது. அப்படிச் சொன்னதை ஒரு வரி எழுதி வாங்கி வைப்பது நல்லது. பிற்பாடு வழக்கு வருவது பெரும்பாலும் இந்த மாதிரி வாய்ச்சொற்களால்தான்.

தவணை வருமுன்பே ஒருவர் 'முடியாது' என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டால், மற்றவர் தவணை நாள் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முறிந்தது என்று அறிவித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

நட்டத்தை அளக்கும் படி எது?

ஒப்பந்தத்தை மீறியவர் கொடுக்க வேண்டியது தண்டனை அல்ல, நட்ட ஈடு. மற்றவருக்கு உண்மையில் எவ்வளவு நட்டமோ அவ்வளவுதான். சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொல்வது இதுவே. அந்தப் பிரிவின் கீழ் சட்டத்திலேயே சேர்த்துள்ள உதாரணங்களில் ஒன்று 50 மணங்கு அரிசியைப் பற்றியது. வாங்க ஒப்புக்கொண்டவர் பிறகு வேண்டாம் என்கிறார். அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் அந்த அரிசி வெளியில் என்ன விலைக்குப் போகுமோ, அது பேசிய விலையைவிட எவ்வளவு குறைவோ, அந்த வித்தியாசத்தை விற்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது உதாரணம்.

இதை மணிலாவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொண்டால், ஒரு விவசாயி 30 மூட்டை கொடுப்பதாக, மூட்டை 7,000 ரூபாய்க்குப் பேசி, 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். சரக்கு கொடுக்க வேண்டிய நாளில் சந்தை விலை 7,600. அவர் வேறு மண்டியில் போட்டுவிடுகிறார். வியாபாரிக்கு அதே தரச் சரக்கை வெளியில் வாங்க மூட்டைக்கு 600 ரூபாய் கூடுதலாகும். முப்பது மூட்டைக்கு 18,000 ரூபாய். விவசாயி திருப்ப வேண்டியது முன்பணம் 20,000, நட்ட ஈடு 18,000. வேறு மண்டியில் அதிகம் கிடைத்தது என்று அவர் நினைத்த தொகை முழுவதும் இப்படிப் போய்விடுகிறது. மண்டிக் கமிஷனும் வண்டி வாடகையும் கையை விட்டுப் போனதுதான் மிச்சம்.

அதே நாளில் சந்தை விலை 6,800 என்றிருந்தால்? வியாபாரிக்கு வெளியில் இன்னும் மலிவாகவே சரக்கு கிடைத்திருக்கும். ஆகவே விலையில் நட்டம் என்று ஒன்றும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் அத்துடன் சரி. வீணாக வந்து திரும்பிய லாரிக்கு வாடகை கொடுத்திருந்தால், அது போன்ற நேரடிச் செலவை மட்டும் அவர் கேட்கலாம்.

வியாபாரி மறுத்தாலும் இதே படிதான். பேசிய விலை 7,000. அவர் வேண்டாம் என்ற நாளில் சந்தை விலை 6,400. வித்தியாசம் மூட்டைக்கு 600. இந்த 18,000 ரூபாயை விவசாயி கேட்டு வாங்கலாம். கையில் உள்ள முன்பணத்தில் கழித்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் கோபத்தில் சரக்கை வீட்டிலேயே அடுக்கி வைத்து, விலை 5,800-க்கு இறங்கிய பிறகு விற்றுவிட்டு, மொத்த நட்டத்தையும் வியாபாரியின் தலையில் கட்ட முடியாது. நட்டத்தைக் குறைக்கத் தம்மால் ஆன முயற்சியைச் செய்ய வேண்டிய பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. நியாயமான சில நாட்களுக்குள் சரக்கை விற்றுவிட வேண்டும்.

அப்படியானால் எல்லாம் ஒரு நாளின் விலையைப் பொறுத்தது என்று ஆகிறது. எந்த ஊர் விலை என்பதும் அதே அளவுக்கு முக்கியம். கான்பூரில் கித்தான் துணி விற்ற வழக்கு ஒன்று இதற்குத் தகுந்த உதாரணம். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டில் துணியைக் கல்கத்தாவுக்கு ரயிலில் ஏற்றி ரசீது தருவதாகப் பேச்சு. ரயில் கூலி வாங்குபவரைச் சேர்ந்தது. விற்றவர் துணியை அனுப்பவில்லை. வாங்க இருந்தவர் கல்கத்தா விலையைக் காட்டி நட்ட ஈடு கேட்டார். உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்புச் சொன்னது: துணியை ஒப்படைக்க வேண்டிய இடம் கான்பூர், ஆகவே கான்பூர் விலையைத்தான் காட்டியிருக்க வேண்டும். அவர் அதைக் காட்டவில்லை. மீறியது எதிராளிதான் என்றாலும் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

அவலூர்ப்பேட்டையிலோ செஞ்சியிலோ உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் அன்றன்றைய விலை விவரம் இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. சரக்கைக் கூடத்தில் போடாதவர்கள்கூட, பேரம் முறிந்த நாளில் அங்கு மணிலா என்ன குறைந்த விலை, என்ன அதிக விலை போயிற்று என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாளிதழில் வெளியாகும் சந்தை நிலவரத்தைக் கத்தரித்து வைப்பதும் வீண் போகாது. நட்டம் இவ்வளவு என்று வாயால் சொல்பவரைவிட, அன்றைய விலையைக் காகிதத்தில் காட்டுபவரே ஜெயிக்கிறார்.

'இரட்டிப்பு' என்று எழுதியிருந்தால்

இனி, சீட்டில் 'தவறினால் இரட்டிப்பாகக் கொடுப்பேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கும் சங்கதி. இதைக் காட்டியே பலரை மிரட்டுகிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவை எழுதியவர்கள் நம் கிராமத்துக் கடன் சீட்டுகளை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. அதில் உள்ள ஓர் உதாரணம்: வட்டிக்கடைக்காரரிடம் கடன் வாங்கிய ஒருவர், குறித்த நாளில் 10 மணங்கு தானியம் கொடுத்துக் கடனைத் தீர்ப்பதாகவும், தவறினால் 20 மணங்கு கொடுப்பதாகவும் எழுதிக் கொடுக்கிறார். இது தண்டனையாக எழுதிய நிபந்தனை. அவர் தவறினாலும் கடன் கொடுத்தவருக்கு நியாயமான நட்ட ஈடு மட்டுமே உண்டு என்கிறது சட்டம். 12 சதவிகித வட்டிக்கு 1,000 ரூபாய் கொடுத்து, தவணை தப்பினால் 75 சதவிகிதம் என்று எழுதிக்கொள்வதையும் அதே கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

சீட்டில் எழுதிய தொகை, கேட்கக்கூடிய உச்ச வரம்பு. அதற்கு மேல் போக முடியாது. அதற்குக் கீழே எவ்வளவு என்பதை நியாயம் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும்.

உருளைக்கிழங்கு சப்ளை செய்த ஒருவரின் வழக்கு இந்த விஷயத்தில் நாடு முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. மௌலா பக்ஷ் என்ற அவர் 1947 பிப்ரவரியில், ஐக்கிய மாகாணத்து ராணுவத் தலைமையகத்துக்கு உருளைக்கிழங்கு கொடுப்பதாக மத்திய அரசுடன் ஒப்பந்தம் செய்து, ஜாமீனாக 10,000 ரூபாய் கட்டினார். மார்ச்சில் கோழி, முட்டை, மீன் கொடுக்க இன்னோர் ஒப்பந்தம். அதற்கு ஜாமீன் 8,500 ரூபாய். அந்தக் காலத்தில் இது பெரும் பணம். அவரால் ஒழுங்காகச் சரக்குக் கொடுக்க முடியவில்லை. திரும்பத் திரும்பத் தவறினார். ஆண்டு முடிவதற்குள் அரசு இரண்டு ஒப்பந்தங்களையும் ரத்து செய்து, ஜாமீன் தொகை 18,500 ரூபாயையும் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தும் இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தவறு மௌலா பக்ஷ் பேரில்தான், ஒப்பந்தத்தை ரத்து செய்தது சரிதான். ஆனால் அவர் தவறியதால் அரசு வெளியில் உருளைக்கிழங்கையும் முட்டையையும் என்ன விலைக்கு வாங்கியது, எவ்வளவு கூடுதலாகச் செலவழித்தது என்பதற்கு அரசுத் தரப்பில் ஆதாரம் எதுவும் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய நட்டத்தைக் காட்டாமல், ஷரத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் தொகையை வைத்துக்கொள்ள முடியாது என்று கூறி, 1969-இல் அந்தப் பணத்தை வட்டியுடன் திருப்பித் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசுக்கே இந்தக் கதி என்றால், மண்டி வியாபாரியின் 'இரட்டிப்பு'ச் சீட்டைப் பற்றி விவசாயி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பணம் வெளியே வர 22 ஆண்டுகள் ஆயின!

கணக்கிட முடியாத நட்டமாக இருந்தால் மட்டும் முன்கூட்டி எழுதிய நியாயமான தொகையை நீதிமன்றம் ஏற்பதுண்டு. விளைபொருளுக்குச் சந்தை விலை உள்ளவரை அந்தப் பேச்சு எழுவது அரிது.

இதில் அச்சாரத்துக்கும் முன்பணத்துக்கும் வேறுபாடு உண்டு. பேச்சை உறுதிப்படுத்தக் கொடுக்கும் சிறு தொகை அச்சாரம். கொடுத்தவரே பின்வாங்கினால் அது போனதுதான். விலையில் ஒரு பகுதியாகக் கொடுக்கும் பெருந்தொகை அப்படியல்ல. டில்லியில் பங்களா விற்பனை குறித்த வழக்கு ஒன்றில், 1963-இல் உச்ச நீதிமன்றம், 1,000 ரூபாய் அச்சாரத்தை விற்றவர் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விலையில் வாங்கிய 24,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்று பிரித்துச் சொன்னது. வியாபாரி வராமல் போனால் முன்பணம் முழுவதும் தமக்கே என்று நினைக்கும் விவசாயிகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மில்லின் உடைந்த தண்டு

எதிராளிக்கு வரும் சகல நட்டமும் நம் தலையில் விழுமா என்ற கேள்விக்கு, இங்கிலாந்தில் 1854-இல் சொன்ன தீர்ப்பு இன்றும் வழிகாட்டுகிறது. குளோஸ்டர் நகரில் ஒரு மாவு மில்லின் நீராவி எந்திரத் தண்டு உடைந்தது. அதைப் போலப் புதிதாக வார்ப்பதற்கு, உடைந்த தண்டை மாதிரியாகக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். ஏற்றிச் சென்ற கம்பெனி சில நாட்கள் தாமதம் செய்துவிட்டது. அத்தனை நாளும் மில் நின்றது. நின்ற நாட்களின் லாபத்தைக் கேட்டார்கள் மில்காரர்கள். வேறு தண்டு கைவசம் இல்லை, இது வரும் வரை மில் ஓடாது என்பதை வண்டிக் கம்பெனிக்குச் சொல்லவில்லை. ஆகவே அந்த லாபத்துக்கு அது பொறுப்பல்ல என்றது நீதிமன்றம்.

நம் ஊரில் இது மோட்டாருக்கு ரீவைண்டிங் கொடுக்கும்போது பொருந்தும். பயிர் பூவும் விழுதுமாக நிற்கிறது, நான்கு நாளில் தண்ணீர் பாய்ச்சாவிட்டால் போய்விடும், கிணற்றில் வேறு மோட்டார் இல்லை என்பதைப் பட்டறையில் கொடுக்கும்போதே சொல்லி, ரசீதிலும் நாளைக் குறித்து வாங்க வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு விளைச்சல் நட்டத்தைக் கேட்டால் கிடைக்காது. அதே போல, பம்பாய் ஏற்றுமதி ஆர்டர் போய்விட்டது என்று வியாபாரி பெருந்தொகை கேட்டால், பேரத்தின்போது அதை விவசாயிக்குச் சொன்னாரா என்று கேட்க வேண்டும்.

பயிரே போய்விட்டால்?

2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பயிர் அழுகிவிட்டால், முன்பேரம் பேசிய விவசாயி எங்கிருந்து சரக்குக் கொடுப்பார்? சட்டத்தின் 56-ஆவது பிரிவு, செய்ய முடியாமற்போன காரியத்துக்கு ஒப்பந்தம் கட்டாது என்கிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மோசம் போக நேரும்.

இங்கிலாந்தில் வாப்லோடு என்ற ஊரில் ஒரு விவசாயி 1872-இல், தம் நிலத்தில் விளையும் உருளைக்கிழங்கில் 200 டன் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் அழுகல் நோய் வந்து, ஏறக்குறைய 80 டன்தான் தேறியது. அதைக் கொடுத்துவிட்டார். மீதிக்கு வழக்குப் போட்டார் வியாபாரி. குறிப்பிட்ட நிலத்தின் விளைச்சலைத்தான் விற்றார், அது அவர் குற்றமில்லாமல் அழிந்தது, ஆகவே அவர் பொறுப்பல்ல என்று 1876-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. பேச்சில் 'தம் நிலத்தில் விளையும்' என்ற சொல் இல்லாமல் வெறுமே '200 டன் உருளைக்கிழங்கு' என்றிருந்தால் கதை வேறு. வெளியில் வாங்கியாவது கொடு என்று ஆகியிருக்கும்.

அந்த ஊர்த் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், இங்கும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆகவே சீட்டில் '30 மூட்டை மணிலா' என்று மட்டும் எழுதாமல், 'மேற்படி கிராமம் இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கரில் இந்தப் பட்டத்தில் விளையும் மணிலாவில் 30 மூட்டை' என்று எழுதச் செய்ய வேண்டும். ஒரு வரிதான் கூடுதல். மானாவாரி விவசாயிக்கு அந்த ஒரு வரி இன்சூரன்சுக்குச் சமம்.

பாதி விளைந்தால், அந்தப் பாதி யாருக்கு? 1972-இல் தீர்ப்பான இன்னோர் இங்கிலாந்து வழக்கு இதைச் சொல்கிறது. பண்ணையில் விளையும் பார்லி சுமார் 275 டன் தருவதாகப் பேச்சு. விளைந்ததோ 140 டன். விலையும் ஏறிவிட்டது. ஒப்பந்தம்தான் முறிந்துவிட்டதே என்று விவசாயி அந்த 140 டன்னையும் வேறு ஆளுக்கு அதிக விலைக்கு விற்றுவிட்டார். விளையாமற்போன 135 டன்னுக்கு அவர் பொறுப்பல்ல. விளைந்த 140 டன்னைப் பேசியவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று கூறி, அதற்கு நட்ட ஈடு விதித்தார்கள்.

விலை ஏறியது, கூலி கூடியது, கட்டுப்படியாகவில்லை என்பவை முடியாமை ஆகா. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டுகள், நிலைமை மாறிவிட்டது, பேசிய தொகை கட்டாது என்று கூடுதல் கேட்டபோது, உச்ச நீதிமன்றம் 1960-இல் மறுத்துவிட்டது. இது விலை இறங்கியதும் ஓடி ஒளியும் வியாபாரிக்கும் பொருந்தும்.

போலீசும் காசோலையும்

ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் அல்ல; உரிமையியல் விவகாரம். பேரம் பேசும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லாமல், ஏமாற்றுவதற்கென்றே பணம் வாங்கியிருந்தால்தான் மோசடி. பிற்பாடு மனம் மாறியதாலோ முடியாமல் போனதாலோ அது மோசடி ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் ஒரு பீகார் வழக்கில் தெளிவாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடி 318-ஆவது பிரிவில் இருக்கிறது. எண் மாறியதே தவிர, இந்த வேறுபாடு மாறவில்லை. இல்லாத நிலத்தைக் காட்டி முன்பணம் வாங்குவது, ஒரே விளைச்சலை வேண்டுமென்றே மூன்று பேருக்குப் பேசுவது போன்றவை வேறு கதை.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. முன்பணத்துக்கு ஜாமீன் என்று சொல்லி, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கும் வழக்கம். அது பணமில்லாமல் வங்கியிலிருந்து திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் கிரிமினல் வழக்கு வரும். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கையெழுத்து மட்டும் தம்முடையது, தொகையை வேறு ஆள் நிரப்பினார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடனோ பொறுப்போ இல்லை என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் மேல் விழுகிறது. நோட்டீஸ் வந்தால் 15 நாள்தான் அவகாசம். ஆக, சாதாரணப் பண விவகாரத்தைச் சிறை வரை கொண்டுபோகும் கருவியை விவசாயியே எடுத்துக் கொடுத்தது போல் ஆகிறது. வெற்றுக் காசோலையும் வெற்றுப் புரோநோட்டும் கொடுக்கவே கூடாது.

வாங்குபவர் தவறினால்

சரக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பத்து நாள் கழித்துத் தரம் சரியில்லை என்று விலையைக் குறைப்பது பழைய தந்திரம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, சரக்கைப் பார்க்க வாய்ப்பிருந்தும், வேண்டாம் என்று தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். தரம் பார்ப்பதைக் களத்திலேயே முடித்து, எடைச் சீட்டில் 'தரம் பார்த்து எடுத்தோம்' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சரக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டதைக் காரணம் காட்டி, கொடுத்ததற்கும் பணம் தராமல் இருக்க முடியாது. 250 மணங்கு அரிசி பேசி 130 மணங்கு மட்டும் கொடுத்தவரின் உதாரணம் ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆவது பிரிவில் இருக்கிறது. வாங்கியவர் அந்த 130 மணங்கையும் தவணை தாண்டியும் வைத்துக்கொண்டார் என்றால் அதற்கு விலை கொடுத்தே ஆக வேண்டும்.

கரும்பில் நட்டத்தை நிரூபிக்கும் சிரமம்கூட விவசாயிக்கு வைக்கவில்லை. 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, வெட்டி அனுப்பிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி என்று விதித்தது. நிலுவைக்காக ஆலைகள் முன் விவசாயிகள் காத்துக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, சட்டத்தில் இருப்பதும் கைக்கு வருவதும் ஒன்றல்ல என்பது தெரியும்.

தமிழக அரசு 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, அதே ஆண்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. இப்படித் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. கொள்முதல் செய்பவருக்கும் விவசாயிக்கும் இடையிலான ஒப்பந்தத்தை வேளாண் விற்பனைத் துறை அதிகாரியிடம் பதிவு செய்வதும், சந்தை விலை சரிந்தாலும் ஒப்பந்த நாளில் குறித்த விலையைக் கொடுப்பதும் அதன் முக்கிய அம்சங்கள். மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றும் இது பற்றியதே. அவை மூன்றும் 2021-இல் ரத்தாகிவிட்டன. மாநிலச் சட்டத்தை அவற்றுடன் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பெனிகள் அச்சடித்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டால், அது பதிவாகுமா என்று முதலில் கேட்பது நல்லது.

பேரம் முறிந்த பின் செய்ய வேண்டியவை

முதலில், பேச்சு என்ன, யார் தவறினார், அன்றைய விலை என்ன, நட்டம் எவ்வளவு என்று விவரித்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுத வேண்டும். வக்கீல் நோட்டீசாக இருந்தால் இன்னும் நல்லது. சரக்கை வேறு இடத்தில் விற்கப் போவதாக இருந்தால் அதையும் அதில் தெரிவித்துவிட்டு விற்கலாம். விற்ற சீட்டு, எடைச் சீட்டு, வண்டி வாடகை ரசீது யாவும் பத்திரமாக இருக்க வேண்டும். நோட்டீஸ் தம் பெயருக்கு வந்தால், பதில் போடாமல் இருந்துவிடுவது பெரும் தவறு. முன்பணத்தைத் திருப்பத் தயார், நட்டம் ஏதும் இருந்தால் கணக்குக் காட்டவும் என்று பதில் அனுப்புவதே பாதி வழக்கை முடித்துவிடும்.

செலவுக்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வெள்ளம் வறட்சி போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும் வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, அந்த முடிவின் மேல் மேல்முறையீடும் கிடையாது. முப்பது மூட்டை மணிலா வழக்குக்கு அதுவே ஏற்ற இடம்.

வழக்குப் போட, பேரம் முறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் எதிராளி 'பாக்கி உண்டு, தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். 'அடுத்த பட்டத்தில் தருகிறேன்' என்று வாயால் சொல்லி மூன்று ஆண்டைக் கடத்துவது வியாபாரிகளில் சிலருக்குக் கைவந்த கலை. வாய்ச்சொல்லால் கெடு நீளாது. எழுத்து வேண்டும், அதுவும் கெடு முடிவதற்கு முன்பே வேண்டும்.